காலி அறை, ஜன்னல் வெயில்: வெளுத்துப்போன படத்தைச் சரிசெய்த விதம்

காலி அறையின் தரையில் விழும் ஜன்னல் வெயில் கண்ணுக்கு அவ்வளவு அழகு. கேமராவில் வந்ததோ சப்பென்று இருந்தது. சுவர் சாம்பல் பூத்துக் கிடக்க, வெயில் பட்ட இடம் விவரமே இல்லாமல் வெளுத்திருந்தது.

காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர்தான். காட்சி முழுவதையும் சராசரி பார்த்து நடுச்சாம்பலுக்குக் கொண்டுவர முயலும். அறையில் இருட்டு அதிகம் என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஏற்றிவிடும். இருட்டோடு தனிமையும் போய்விடும்.

ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்குக்கு மாறி, வெயில் விழுந்த இடத்தையே அளந்தேன். அப்படியே எடுத்தால் அதுவும் சாம்பலாகிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). தரைப் பலகையின் ரேகைகள், குறுக்கே ஓடிய ஒரு கீறல் எல்லாம் தெரிந்தன. மூலைகள் கறுப்பாகவே கிடக்கட்டும் என்று விட்டேன். கேமரா பதிந்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைல்தானே, தேவைப்பட்டால் பிறகு இருட்டைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் எச்டிஆர் மட்டும் வேண்டவே வேண்டாம், வீட்டு விற்பனை விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8. விளக்குகளை அணைத்து, நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்தினேன். ஆட்டோவில் விட்டால் மாலை வெயிலின் மஞ்சளைத் துடைத்துவிடுகிறது.

கேமராவை இடுப்பு உயரத்தில் மட்டமாக வைத்ததில் சுவரோரங்கள் சாயவில்லை. வெயிலை ஓரத்துக்கு ஒதுக்கி, வெறுந்தரையைத் தாராளமாக விட்டேன். ஒரு நாற்காலியும் போட்டுப் பார்த்தேன். உடனே படம் யாரோ எழுந்துபோன கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது, நாற்காலியை அகற்றிவிட்டேன்.

மொபைல் என்றால், பெரும்பாலானவற்றில் வெயில் பட்ட இடத்தை அழுத்திப் பிடித்தாலே எக்ஸ்போஷர் லாக் ஆகிவிடும்.