ஹோம்வேர்ல்டு: விண்வெளிப் போர் கேமில் முதல் மூன்று மிஷன்களைத் தாண்டுவது எப்படி?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஸ்டார்கிராஃப்ட் போன்ற கேம்களில் கைதேர்ந்தவர்கள்கூட ஹோம்வேர்ல்டைத் திறந்ததும் கொஞ்ச நேரம் திணறிப்போவார்கள். இங்கே தரையே கிடையாது. மரம், மலை, ஆறு எதுவும் இல்லை. நீண்டு நிமிர்ந்து நிற்கும் ஒரு பெரிய தாய்க்கப்பல், சுற்றிலும் வெட்டவெளி, தூரத்தில் ஒரு கிரகம். எதிரி இடமிருந்தோ வலமிருந்தோ மட்டும் வரமாட்டான். தலைக்கு மேலிருந்தும் வருவான், காலுக்குக் கீழிருந்தும் வருவான்.

பலர் முதல் மிஷனோடு நிறுத்திவிடுவது இதனால்தான். மூன்றாவது மிஷன் வரை போய்விட்டால் இந்த கேமை விடமாட்டீர்கள் என்பது என் நம்பிக்கை. அதுவரை கைபிடித்துக் கூட்டிப்போவதற்கே இந்தப் பதிவு. ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும், சண்டை அதற்குப் பிறகுதான்.

கதை, சுருக்கமாக

ஹோம்வேர்ல்டு வெளிவந்தது 1999 செப்டம்பரில். உருவாக்கியது கனடாவின் வான்கூவரில் இருந்த ரெலிக் என்டர்டெய்ன்மென்ட், வெளியிட்டது சியரா. காராக் என்ற பாலைவனக் கிரகத்தில் ஒரு மக்கள் கூட்டம் வாழ்கிறது. மணலுக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு பழைய விண்கலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் இருந்த கல்லில் விண்மீன் மண்டல வரைபடம் ஒன்றும், ஹீகாரா என்ற பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தாங்கள் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் அல்ல என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது. ஊரே சேர்ந்து தாய்க்கப்பலைக் கட்டுகிறது. கேரன் ஸ்ஜெட் என்ற விஞ்ஞானி தன் உடலையும் மூளையையும் அந்தக் கப்பலோடு இணைத்துக்கொண்டு அதை இயக்குகிறார். கேம் முழுக்க நிதானமாக ஒலிக்கும் பெண் குரல் அவருடையதுதான்.

இதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன். விக்கியில் போய்ப் படிக்காதீர்கள். மூன்றாவது மிஷனின் தொடக்கத்தை எதுவும் தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும்.

படி 1: எந்தப் பதிப்பை வாங்குவது?

ஹோம்வேர்ல்டு ரீமாஸ்டர்டு கலெக்‌ஷன். ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இணையக் கடைகளில் கிடைக்கிறது. பிற்பாடு இந்த கேமை வைத்திருந்த டிஎச்க்யூ நிறுவனம் திவாலானபோது கியர்பாக்ஸ் என்ற கேம் நிறுவனம் 2013-இல் இதன் உரிமையை ஏலத்தில் எடுத்து, 2015 பிப்ரவரியில் இந்தத் தொகுப்பை வெளியிட்டது. முதல் பாகம், 2003-இல் வந்த இரண்டாம் பாகம், இரண்டின் பழைய வடிவங்களும் புதுப்பித்த வடிவங்களும் இதில் உண்டு.

புதுப்பித்த முதல் பாகத்தில் தொடங்குங்கள். பழைய வடிவத்தில் சிறிய கப்பல்களுக்கு எரிபொருள் தீரும். நடுவே திரும்பி வந்து நிரப்பிக்கொண்டு போக வேண்டும். புதியதில் அந்தத் தொல்லை இல்லை. அணிவகுப்புகள் ஆரம்பத்தில் சரியாக நிற்காமல் கலைந்துகொண்டிருந்தன. 2016-இல் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அதுவும் நன்றாகவே இருக்கிறது. 2024-இல் வந்த ஹோம்வேர்ல்டு 3 பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் தொடங்கினால் கதையின் வேர் பிடிபடாது.

படி 2: கேமராவைப் பழக்குங்கள்

முதல் மிஷன் தொடங்கியதும் உங்களை யாரும் தாக்கமாட்டார்கள். இது கப்பலைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சி. அவசரமே இல்லை. அந்த நேரத்தை முழுக்கக் கேமராவுக்குக் கொடுங்கள்.

மவுஸின் வலது பட்டனை அழுத்திப் பிடித்து இழுத்தால் கேமரா சுற்றும். வீலை உருட்டினால் அருகே போகும், விலகி வரும். ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து ‘எஃப்’ தட்டினால் கேமரா அந்தக் கப்பலின் மேல் நிலைகொள்ளும். இனி நீங்கள் சுற்றுவதெல்லாம் அதை மையமாக வைத்துத்தான். இந்த மூன்றும் விரலுக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு சின்னப் பயிற்சி. ஸ்கவுட் என்ற சின்ன வேவுக் கப்பல் ஒன்றைக் கட்டி வெளியே விடுங்கள். அதன் மேல் ‘எஃப்’ தட்டி, வீலை உருட்டி அதன் வால் வரை போங்கள். இன்ஜின் விட்டுச்செல்லும் ஒளிக்கோடு திரையில் நீண்டுகொண்டே போகும், பின்னால் தாய்க்கப்பல் சுவர் போல எழுந்து நிற்கும். இப்போது கேமராவை அதன் அடிப்பக்கம் கொண்டுபோய் மேலே பாருங்கள். பிறகு நேர் உச்சியிலிருந்து கீழே பாருங்கள். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்ற குழப்பம் சில நிமிடங்களில் போய்விடும். நான் யாருக்கு இந்த கேமைச் சொல்லிக்கொடுத்தாலும் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

படி 3: உயரத்தோடு நகர்த்துவது

கப்பலைத் தேர்ந்தெடுத்து ‘எம்’ தட்டுங்கள். கப்பலைச் சுற்றி ஒரு வட்டத் தளம் விரியும். மவுஸை நகர்த்தினால் அந்தத் தளத்தின் மேல் போகவேண்டிய இடம் நகரும். இப்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்து மவுஸை மேலே தள்ளுங்கள். தளத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு எழும்பும். அந்தக் கோட்டின் நுனிதான் கப்பல் போய்ச் சேரும் இடம். கிளிக் செய்தால் புறப்பட்டுவிடும்.

சுலபமாகத்தான் தெரியும். சண்டை வந்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரும் ஷிஃப்ட்டை மறந்துவிட்டு, தட்டையான மேசையில் விளையாடுவது போலவே படையை நேருக்கு நேர் அனுப்புவார்கள். அப்படி அனுப்பினாலும் ஜெயிக்கலாம், ஆனால் கப்பல்கள் நிறைய போகும். அயன் கேனன் ஃப்ரிகேட் என்ற கப்பலின் பீம் மூக்குப் பக்கம் மட்டுமே பாயும். எதிரியிடம் அது இருந்தால், பெரிய கப்பல்களை அடிக்கும் உங்கள் பாமர்களை முதலில் மேலே ஏற்றி, பிறகு அதன் முதுகில் இறக்குங்கள். அது திரும்பி முடிப்பதற்குள் உங்கள் ஆட்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள்.

முதல் மிஷனிலேயே ஸ்கவுட்டைத் தாய்க்கப்பலின் உச்சிக்கு ஒருமுறை, அடிவயிற்றுக்கு ஒருமுறை அனுப்பிப் பழகுங்கள்.

படி 4: ஸ்பேஸ் பார்

ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சென்சார்ஸ் மேனேஜர் திறக்கும். மொத்தப் போர்க்களமும் ஒரே பார்வையில். பச்சை நீங்கள், சிவப்பு எதிரி. தூரத்து நகர்வுகளுக்கான உத்தரவை இங்கிருந்தே கொடுக்கலாம். மறுபடி தட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

இதை அடிக்கடி தட்டும் பழக்கம் வேண்டும். அருகில் நடக்கும் சண்டையின் அழகில் மூழ்கிவிட்டால், எதிர்த் திசையில் உங்களுக்கு வளம் சேர்க்கும் ரிசோர்ஸ் கலெக்டர் கப்பலை எதிரி நொறுக்கிக்கொண்டிருப்பது தெரியாமலே போகும்.

படி 5: வரவும் செலவும்

இந்த கேமில் காசு ஒன்றுதான்: ரிசோர்ஸ் யூனிட், சுருக்கமாக ஆர்யு. ரிசோர்ஸ் கலெக்டர் விண்கற்களை நோக்கிப் போய், ஒளிக்கற்றையால் உறிஞ்சி, தாய்க்கப்பலுக்குத் திரும்பி வந்து இறக்கிவிட்டு, மறுபடி போகும். ‘பி’ தட்டினால் கப்பல் கட்டும் திரை, ‘ஆர்’ தட்டினால் ஆராய்ச்சித் திரை, ‘எல்’ தட்டினால் உள்ளே நிற்கும் கப்பல்களை வெளியே அனுப்பும் திரை.

கலெக்டர்களை முதலில் கட்டுங்கள், ஆராய்ச்சியை நிற்கவிடாதீர்கள். இதற்கு மேல் இதில் நுணுக்கம் பெரிதாக இல்லை. வீடு கட்டி, வயல் போட்டு, ஆள் சேர்க்கும் கேம்களில் வரும் பொருளாதாரச் சுமை இங்கே மிகக் குறைவு. அதனால்தான் கவனம் முழுக்கப் படையின் மேல் நிற்கிறது.

படி 6: எதற்கு எதை அனுப்புவது

கப்பல்கள் நான்கு அளவுகளில் வரும்: ஃபைட்டர், கார்வெட், ஃப்ரிகேட், அதற்கு மேல் டெஸ்ட்ராயர், கேரியர் போன்ற பெரியவை. முதல் மூன்று மிஷன்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்டர்செப்டர் எதிரி ஃபைட்டர்களை வேட்டையாடும். பாமர் பெரிய கப்பல்களை அடிக்கும், ஆனால் ஃபைட்டர்களிடம் மாட்டினால் பிழைக்காது. கார்வெட்டுகள் கொஞ்சம் மெதுவானவை, ஆனால் அடி தாங்கும். ஃப்ரிகேட்டை எதிர்த்து ஸ்கவுட்டுகளை அனுப்புவது வீண்; ஸ்கவுட்டின் சொத்து அதன் வேகம் மட்டும்தான். அதை வேவு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியவற்றைக் குழுவாகப் பிரியுங்கள். இன்டர்செப்டர்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலையும் 1-ஐயும் சேர்த்துத் தட்டினால், அடுத்த முறை 1 தட்டியதும் அவை கைக்கு வந்துவிடும். சால்வேஜ் கார்வெட்டுகளுக்குத் தனி எண் கட்டாயம் வேண்டும். ஏன் என்று அடுத்த படியில் தெரியும். அணிவகுப்பில், ஃபைட்டர்களுக்கு கிளா (Claw) என்ற அணி நன்றாகப் பொருந்தும். பிற்பாடு ஃப்ரிகேட்டுகள் சேர்ந்ததும் சுவர் போல வரிசையாக நிறுத்தும் வால் (Wall) அணி.

படி 7: எதிரியின் கப்பலை இழுத்து வருவது

இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சால்வேஜ் கார்வெட்டிடம் சொல்லிக்கொள்ளும்படி ஆயுதம் எதுவும் இல்லை. அது எதிரிக் கப்பலின் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். தேவையான எண்ணிக்கையில் ஒட்டிவிட்டால் அந்தக் கப்பல் செயலிழந்துவிடும். பிறகு அதை அப்படியே தாய்க்கப்பலுக்கு இழுத்து வரலாம். உள்ளே போகும்போது எதிரியுடையது, வெளியே வரும்போது உங்களுடையது. ஒரு ஃப்ரிகேட்டைப் பிடிக்க இரண்டு சால்வேஜ் கார்வெட்டுகள் தேவை.

முதல் மிஷனில் இதற்கான பயிற்சி வரும். இரண்டாவதில் டூரானிக் கொள்ளையர்கள் தாக்குவார்கள். அங்கே இன்டர்செப்டர்களை முன்னால் விட்டு, கலெக்டர்களைக் காப்பாற்றினால் போதும். மூன்றாவதில்தான் சால்வேஜ் உண்மையாகவே தேவைப்படும். மக்கள் உறைநிலையில் தூங்கும் ஆறு கிரையோ ட்ரேக்களை எதிரி ஃப்ரிகேட்டுகள் தாக்கிக்கொண்டிருக்கும். அவற்றைக் காக்க வேண்டும், கூடவே ஒரு ஃப்ரிகேட்டை உயிரோடு பிடிக்கவும் வேண்டும்.

அதை இப்படிச் செய்யுங்கள். இரண்டாவது மிஷன் முடிவதற்குள் நான்கு சால்வேஜ் கார்வெட்டுகளாவது கட்டி வைத்திருங்கள். மூன்றாவது தொடங்கியதும் இன்டர்செப்டர்களை ஒரே ஒரு ஃப்ரிகேட்டின் மேல் ஏவுங்கள். அதன் துப்பாக்கிகள் அவர்கள் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் சால்வேஜ் கார்வெட்டுகளைக் கொஞ்சம் உயரம் ஏற்றி, பின்புறமாக அனுப்பி, அதே ஃப்ரிகேட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் கார்வெட் ஒட்டியதும், சுடுவதை நிறுத்தி இன்டர்செப்டர்களை அடுத்த கப்பலுக்கு மாற்றுங்கள். இந்த உத்தரவு மிக முக்கியம். மறந்தால் இழுத்து வருகிற கப்பலை உங்கள் ஆட்களே வெடிக்கவைத்துவிடுவார்கள்.

நேரமும் ஆட்களும் இருந்தால் மற்ற ஃப்ரிகேட்டுகளையும் பிடியுங்கள். ஒவ்வொன்றும் உங்கள் ஆர்யு-வில் கை வைக்காமல் கிடைக்கும் போர்க்கப்பல். காட்சியின் பின்னணியில் கூட்டுக்குரலில் மெதுவாக ஓர் இசை எழும்பும். பரபரப்பான சண்டைக்கு அப்படி ஓர் இசையை வைத்தவர்களின் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள்.

படி 8: ஹைப்பர்ஸ்பேஸ் பட்டனைத் தொடுவதற்கு முன்

மிஷனின் வேலைகள் முடிந்ததும் அடுத்த இடத்துக்குத் தாவும் பட்டன் எரியும். உடனே தட்டாதீர்கள். பெரும்பாலான ஸ்ட்ராட்டஜி கேம்களில் அடுத்த மிஷன் போனால் புதுப் படை கிடைக்கும். இங்கே அப்படியில்லை. மிச்சமிருப்பதுதான் உங்களோடு வரும். மூன்றாவது மிஷனில் பிடித்த ஃப்ரிகேட்டை நீங்கள் கவனமாக வைத்துக்கொண்டால் பதினாறாவது மிஷனான கடைசிச் சண்டையிலும் அது உங்கள் பக்கத்தில் நிற்கும். அதே கணக்கில், இன்று அலட்சியமாக விட்ட பத்து இன்டர்செப்டர்களுக்கு நாளை நீங்கள்தான் ஆர்யு கொடுக்க வேண்டும்.

ஆகவே எதிரி ஒழிந்த பிறகு கொஞ்சம் தங்குங்கள். அடிபட்ட ஃபைட்டர்களை உள்ளே இறக்கிச் சரிசெய்யுங்கள். பாதியில் நிற்கும் ஆராய்ச்சியை முடியுங்கள். இழந்தவற்றை மறுபடி கட்டுங்கள். பிறகு ஒரு சேவ் போடுங்கள், அதுவும் மிஷன் எண்ணோடு தனிப் பெயரில். பழைய சேவின் மேலேயே எழுதிக்கொண்டு போனால், மெலிந்த படையோடு கடினமான மிஷனுக்குள் நுழைந்துவிட்டு, பின்னால் போக வழியில்லாமல் நிற்க நேரிடும்.

நான்காவது மிஷனில் பென்டுஸி என்ற வணிகர்களைச் சந்திப்பீர்கள். ஆர்யு கொடுத்தால் தொழில்நுட்பம் விற்பார்கள். அவர்களிடம் வெறுங்கையோடு போகவேண்டாம். மூன்றாவதை முடித்துக் கிளம்பும்போது கையிருப்பு முழுவதையும் ஃபைட்டர்களில் கொட்டிவிடாமல் ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள்.