ரெக்கார்டில் அழிக்கக் கூடாத பக்கம்

பிள்ளைகளின் ஐடி லேப் ரெக்கார்ட் நோட்டைத் திருத்த உட்கார்ந்தால் முதலில் என் கண்ணில் படுவது மைதான். ஜூனில் வரைந்த இன்க்ஸ்கேப் படத்துக்கும் ஜனவரியில் எழுதிய பைத்தான் புரோகிராமுக்கும் ஒரே பேனா, ஒரே நீலம், ஒரே அவசரம். ஏழு மாத வேலையை ஒரே ராத்திரியில் எழுதி முடித்திருக்கிறார்கள் என்று அந்த மையே சொல்லிவிடும். தேதிகள் மட்டும் மாறி மாறி இருக்கும். காலண்டரைப் பார்த்தால் அவற்றில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்திருக்கும்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஐடி எடுக்கிறேன். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கோபாலபுரம் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், கம்ப்யூட்டர் திரையில் இங்கிலீஷ். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் எங்கள் பிள்ளைகள் ரெக்கார்ட் எழுதுகிறார்கள். கேரளத்தில் 2001-இல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க ஐடி அட் ஸ்கூல் திட்டம் வந்து, 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாகி, இன்று அரசுப் பள்ளி லேபில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டுவும், எம்எஸ் ஆபீசுக்குப் பதில் லிப்ரே ஆபீசும் சாதாரணம். வேலை செய்யப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. செய்த வேலையை எழுதிவைப்பதிலும், அதற்குத் தாங்களே மார்க் போட்டுக்கொள்வதிலும்தான் இடறுகிறார்கள். வருஷா வருஷம் நான் பார்க்கும் தவறுகளை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பொருந்தும். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கும் பொருந்தும்.

தப்பை அழித்துவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பால் கணக்குப் போடும் புரோகிராம் எழுதினாள். அவள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) காலையும் மாலையும் பால் கூட்டுறவு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று புரோகிராம் கேட்கும். இரண்டையும் கூட்டி, லிட்டருக்கு 40 ரூபாய் என்று வைத்து, பணத்தைச் சொல்லும். கொழுப்புச் சதவீதம், அதற்குத் தகுந்த விலை சொல்லும் சொசைட்டி சார்ட் எல்லாம் அப்புறம் சேர்க்கலாம் என்று விட்டிருந்தாள். அது சரியான முடிவுதான். ரெக்கார்டில் பார்த்தால் 4 லிட்டரும் 5 லிட்டரும் கொடுத்திருக்கிறாள், 360 ரூபாய் வந்திருக்கிறது. கீழே சிவப்புப் பேனாவில் "புரோகிராம் வெற்றிகரமாக இயங்கியது". தனக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க் 5-க்கு 5.

"அம்மிச்சி எந்நாளும் முழு லிட்டராவேதான் ஊத்துவாங்களா கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர், நாலரை, நாலே முக்காலுன்னுதான் வரும்."

"சரி, நாலரை போட்டுப் பாரு."

4.5 என்று அடித்தாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, கடைசி வரியில் வேல்யூ எரர். எண்ணை வாங்கும் இடத்தில் இன்ட் போட்டிருந்தாள். அது முழு எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளும், புள்ளி வைத்து எழுதிய எண்ணைக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாது. இன்ட்டை எடுத்துவிட்டு, புள்ளி எண்ணையும் எடுத்துக்கொள்ளும் ஃப்ளோட் போட்டதும் சரியாகிவிட்டது. உடனே அவள் செய்த காரியம் என்ன தெரியுமா? பழைய புரோகிராம் வரியை அழித்தாள், சிவப்பெழுத்து இருந்த ஜன்னலை மூடினாள், ரெக்கார்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கை வைத்தாள்.

கிழிக்க விடவில்லை. ஏனென்றால் அந்த ரெக்கார்டிலேயே உருப்படியான பக்கமாக ஆகப்போவது அதுதான். 4-உம் 5-உம் கொடுத்து 360 வந்ததில் அவள் ஒன்றும் கற்கவில்லை, அது முன்பே தெரிந்த விடை. 4.5 கொடுத்து உடைந்தபோதுதான் இன்ட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கைப்படத் தெரிந்துகொண்டாள். அதை அழித்துவிட்டால் மார்க் போடுகிறவருக்கு எதைக் காட்டுவது?

அந்தப் பக்கத்தில் நான்கு கட்டம் போடச் சொன்னேன்: என்ன கொடுத்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, அதற்கு என்ன செய்தேன். கட்டம் போட்டதும் அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினாள், எரர். மைனஸ் 3 கொடுத்தாள். எந்த முறைப்பும் இல்லாமல் எடுத்துக்கொண்டு, அம்மிச்சி சொசைட்டிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று கணக்குச் சொன்னது! காலை 1.1, மாலை 2.2 கொடுத்து மொத்த லிட்டரைப் பார்த்தால் 3.3000000000000003 என்று வந்தது. கம்ப்யூட்டர் எண்ணை இரண்டடிமானத்தில் (0, 1 என்ற இரண்டே இலக்கத்தில்) வைத்துக்கொள்கிறது. 1.1 போன்ற எண்ணை அதில் துல்லியமாக எழுத முடியாது, அதனால் வாலில் இப்படி ஒரு துளி ஒட்டிக்கொள்ளும். ரவுண்ட் போட்டு இரண்டு தசமத்துக்கு வெட்ட வேண்டியதுதான். பக்கத்து பெஞ்சுப் பையன் குறும்புக்காக ௪ என்று தமிழ் எண்ணைக் கொடுத்துப் பார்த்தான். பைத்தான் அதை மறுபேச்சில்லாமல் 4 என்று எடுத்துக்கொண்டது. அதையும் எழுதச் சொன்னேன், பாடப்புத்தகத்துக்கு வெளியே அவர்களாகவே கண்டுபிடித்தது அல்லவா.

சோதனை என்றால் மூன்று வகை வேண்டும். சாதாரணமாக வரக்கூடிய எண் ஒன்று, எல்லையில் நிற்கும் எண் ஒன்று (பூஜ்ஜியம், அல்லது கறவை மாடு ஊற்றக்கூடிய அதிகபட்சம்), வரவே கூடாதது ஒன்று. பெரும்பாலான ரெக்கார்டில் முதல் வகை மட்டும் மூன்று தடவை இருக்கும்.

தப்பை ஒளிக்காமல் எழுதிவைப்பது கம்ப்யூட்டர் துறையில் பழைய வழக்கம். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்டின் மார்க் டூ கணினியில் வேலை செய்தவர்கள் ஒரு ரிலேயில் (மின் ஸ்விட்ச்) சிக்கிக் கோளாறு செய்த விட்டில்பூச்சியை எடுத்து, அன்றாட வேலையைக் குறிக்கும் லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, 15:45 என்று நேரமும் குறித்தார்கள். பூச்சியைப் பிடித்தவர் கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் என்று பலர் சொல்வதுண்டு. அவர் அந்தக் கதையைப் பரப்பியவர், பிடித்தவர் அல்ல. அந்தப் பக்கம் இன்றைக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று யாராவது பூச்சியைத் தட்டிவிட்டு "கணினி வெற்றிகரமாக இயங்கியது" என்று எழுதியிருந்தால் அந்த நாளை யார் நினைத்திருப்பார்கள்?

படம், பெயர், பிரின்ட்

இவையெல்லாம் சின்னத் தவறுகள்தான், ஆனால் மார்க்கைத் தின்றுவிடும்.

பிரின்ட் ஸ்கிரீன் தட்டி முழுத் திரையையும் அப்படியே ஒட்டுகிறார்கள். அதில் முக்கால்வாசி வால்பேப்பர். கறுப்புப் பின்னணியில் புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் அதையே கறுப்பு வெள்ளைப் பிரின்ட் போட்டால் தாளில் ஒரு கரிப்பாறைதான் வரும், டோனர் தீர்ந்ததென்று ஜெராக்ஸ் கடை அண்ணனும் கடிந்துகொள்வார். வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிவிட்டு, வேண்டிய ஜன்னலை மட்டும் எடுங்கள். புரோகிராமைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். போனில் திரையைப் படம் பிடித்து, அலை அலையாக வந்ததை ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம்.

ஃபைல் பெயர் தனி வேதனை. நியூ, நியூ ஒன்று, ஃபைனல், ஃபைனல் ஒரிஜினல். இதில் எது கடைசி என்று பெயர் வைத்தவருக்கே தெரியாது. என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனையாவது திருத்தம் என்று பெயரிலேயே வரட்டும். உபுண்டுவில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சின்ன எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் இரண்டு தனி ஃபைல்கள். வீட்டில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இங்கே குழம்பிப்போய் "என் ஃபைலைக் காணோம்" என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். லேப் கம்ப்யூட்டரின் ஹோம் ஃபோல்டரை உங்கள் வீட்டு அலமாரி என்று நினைக்கவும் வேண்டாம். அடுத்த பேட்ச் அதே கம்ப்யூட்டரில்தான் உட்காரும். ஓஎஸ் புதிதாகப் போடும் நாளில் எல்லாம் துடைத்துக்கொண்டு போகும்.

தமிழில் டைப் செய்தால் யூனிகோடில் செய்யுங்கள். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொண்டுவந்தால், அந்த எழுத்துரு இல்லாத லேபில் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும்.

இன்னொன்று. பால் கணக்கு, ரேஷன் கணக்கு என்று ஊர்த் தரவை எடுத்தால் நிஜப் பெயர், போன் நம்பர், பேங்க் அக்கவுன்ட் எதுவும் ஸ்கிரீன்ஷாட்டில் வரக் கூடாது. உறுப்பினர் 1, உறுப்பினர் 2 என்று போட்டால் கணக்கு ஒன்றும் கெட்டுப்போகாது.

"நாங்கள் செய்தோம்"

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கை கீபோர்டில், இன்னொருவர் கண் ஜன்னலுக்கு வெளியே பனைமரத்தில். ரெக்கார்டில் இருவரும் "நாங்கள்" என்று எழுதுவார்கள். மார்க் போடுகிறவருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. லூப் எழுதியது யார், சோதித்தது யார் என்று பிரித்து எழுதுங்கள். சோதனை மட்டும் செய்தவர் அதைப் பெருமையாகவே எழுதலாம். மைனஸ் 3 கொடுத்துப் பார்க்கத் தோன்றுவது லேசான காரியம் இல்லை.

உதவி வாங்கியதும் இப்படித்தான். பொள்ளாச்சியில் காலேஜ் படிக்கிற அண்ணன் சொல்லிக்கொடுத்தாரா, யூடியூபில் பார்த்தீர்களா, ஏஐ சாட்பாட்டிடம் கேட்டீர்களா, ஒரு வரி எழுதிவிடுங்கள். எந்த வரிகள் அங்கிருந்து வந்தன, அவற்றில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதும் வரட்டும். எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். "இந்நிரலானது பயனரால் உள்ளிடப்படும் தரவுகளைத் திறம்படச் செயலாக்குகிறது" என்று எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் தானாக எழுதாது. "லிட்டரைக் கேட்கும், காசைச் சொல்லும்" என்று எழுதினால் போதும், முழு மார்க் தருகிறேன்.

தனக்குத் தானே மார்க்

என் வகுப்பில் ஒவ்வொரு வேலைக்கும் பிள்ளைகளே 5-க்கு எத்தனை என்று போட்டு, ஏன் என்றும் எழுத வேண்டும். பையன்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு 5 போடுவார்கள். நன்றாகச் செய்த பெண்கள் 3 போட்டுவிட்டு "இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்" என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே தவறுதான். ஒருவர் பெருமையை எழுதுகிறார், ஒருவர் அடக்கத்தை எழுதுகிறார், வேலையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அடக்கமாக இருந்தால் டீச்சருக்குப் பிடிக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

இதன் வேர் முதல் நாளில் இருக்கிறது. "பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்" என்று குறிக்கோள் எழுதியவர், கடைசியில் எதை வைத்து அளப்பார்? "சொசைட்டிக்காரர் ஒரு உறுப்பினரின் வாரக் கணக்கை ஒரு நிமிஷத்துக்குள் போட முடிய வேண்டும்", "அரை லிட்டரையும் கால் லிட்டரையும் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தால், கடைசி நாளில் அந்த வரியின் பக்கத்தில் ஆமாம் அல்லது இல்லை போடலாம், எந்தப் பக்கத்துச் சோதனை அதற்குச் சாட்சி என்று பக்க எண்ணும் போடலாம். குறிக்கோளை முடிவுக்குத் தகுந்த மாதிரிப் பின்னால் திருத்தி எழுதுவதும் நடக்கிறது. நடுவில் மாற்ற நேர்ந்தால் மாற்றலாம், பழையதை ஒரு கோடு போட்டு அடித்து, தேதியும் காரணமும் எழுதினால் சரி.

பால் கணக்குப் பெண் இரண்டாம் முறை எழுதியது இது: "அரை லிட்டர் எடுத்துக்கொள்கிறது, பக்கம் 14. மைனஸைத் தடுக்கவில்லை, இஃப் போட வேண்டும், நேரம் போதவில்லை. கொழுப்புக் கணக்கு சேர்க்கவில்லை. 5-க்கு 3." நான் அதற்கு 4 போட்டேன். முன்பு அவளே 5 போட்டிருந்த அதே வேலைக்கு அன்றைக்கு என் மனசில் இருந்தது 2.

கொடுப்பதற்கு முந்தின நாள் ஒரு காரியம் செய்யச் சொல்வேன். ரெக்கார்டையும் ஃபோல்டரையும் வேறு பெஞ்சுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் கொடுத்தது மலையாள வழியில் படிக்கும் தோழியிடம். கட்டங்களில் இருந்த எண்களை வைத்தே தோழி பாதி தூரம் வந்துவிட்டாள். பிறகு ரெக்கார்டில் எழுதியிருந்த பெயரில் ஃபைலைத் தேடினாள், கிடைக்கவில்லை. இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஃபோல்டரில் ஃபைனல் ஒரிஜினல் என்று ஒன்று கிடந்தது.