நெல்லைக்காரர்களுக்கு மலிவான எலக்ட்ரிக் கார்: வரிச்சலுகையை எங்கே தேடுவது?

போன மாதம் சேரன்மகாதேவி அத்தான் போன் பண்ணினார். ஷோரூமில் இருந்துதான் பேசினார், பின்னால் ஏசி சத்தம் கேட்டது. "மாப்ள, இந்தத் தம்பி சொல்லுதாரு, லோன் போட்டு எலக்ட்ரிக் கார் எடுத்தா ஒன்றரை லட்சம் வருமான வரியில கழிச்சுக்கலாமாம், டோக்கன் போட்டுரட்டா?" "போடாதீங்க, வீட்டுக்கு வாங்க" என்றேன். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, பழைய கதையைச் சொன்னார். அத்தானுக்கு அன்று சாயங்காலம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். முதல் தடவையாக எலக்ட்ரிக் கார் பார்க்கிறவர்கள் இதே வரிசையில் போகலாம்.

1. முடிந்துபோன சலுகையை முதலில் அடித்துவிடுங்கள்

அந்தத் தம்பி சொன்னது வருமான வரிச் சட்டத்தின் 80ஈஈபி பிரிவு. எலக்ட்ரிக் வண்டிக்கு வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியை வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது நிஜம்தான். ஆனால் கடன் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் சாங்ஷன் ஆகியிருக்க வேண்டும். அப்போது வாங்கியவர்கள், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்கள், கடன் தீரும் வரை கழித்துக்கொள்ளலாம். இன்று போடும் லோனுக்கு அது கிடையாது. இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது "எங்களுக்கு 7,500 டாலர் வரியில் கழித்தார்கள்" என்று சொல்லியிருப்பார், யூடியூபிலும் அதே பேச்சு ஓடும். அது அந்த ஊர்ச் சட்டம், அங்கேயே 2025 செப்டம்பர் 30-ஓடு நிறுத்திவிட்டார்கள். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் மானியமும் நாம் சொந்தத்துக்கு வாங்கும் காருக்கு இல்லை.

அப்படியென்றால் சலுகையே இல்லையா? இருக்கிறது. ஆனால் வருமான வரியில் தேடினால் கிடைக்காது, கொட்டேஷனில்தான் இருக்கிறது.

2. கொட்டேஷனை வரிவரியாக வாங்குங்கள்

"ஆன்-ரோடு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் ஒரே ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிரித்து எழுதிய தாள்தான் வேண்டும் என்று கேளுங்கள். அத்தான் அப்படிக் கேட்டு வாங்கி வந்த தாளை டைனிங் டேபிளில் விரித்துவைத்துப் பென்சிலோடு உட்கார்ந்தோம்.

முதலில் எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை. ஜிஎஸ்டி இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. எலக்ட்ரிக் காருக்கு 5 சதவீதம். 2019 ஆகஸ்டுக்கு முன் 12 ஆக இருந்ததைக் குறைத்தார்கள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அதனால் "ஜிஎஸ்டி சலுகை தனியா உண்டு சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள், அது ஏற்கெனவே விலையில் கழிந்துதான் இருக்கிறது.

அடுத்தது சாலை வரி. உண்மையான லாபம் இங்கேதான். தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு 13 சதவீதம், பத்துக்கு மேல் இருபது வரை 18 சதவீதம். ஒன்பது லட்ச ரூபாய்க் காருக்குக் கணக்குப் போட்டால் 1,17,000 ரூபாய். பேட்டரி வண்டிக்கு இதை முழுசாக விலக்கிவைத்தார்கள். ஆனால் இந்த விலக்கை நிரந்தரமாகக் கொடுக்கவில்லை, தவணை தவணையாகத்தான் கொடுத்தார்கள்: முதலில் 2022 முடிய, அப்புறம் 2025 முடிய என்று. அதனால் உங்கள் வண்டி பதிவாகும் தேதியில் எந்த அரசாணை அமலில் இருக்கிறது என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டெலிவரி இழுத்துக்கொண்டே போகும் மாடலுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் சாலை வரியைப் பதிவுத் தேதியைப் பார்த்துத்தான் போடுவார்கள், புக்கிங் தேதியைப் பார்த்து இல்லை. தாளில் சாலை வரி என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். அத்தான் தாளில் அது பூஜ்யம்தான். ஆனால் அதற்குக் கீழே "பதிவுச் செலவு" என்று ஒரு தொகை உட்கார்ந்திருந்தது. பேட்டரி வண்டிக்கு ஆர்சி கட்டணமும் 2021 ஆகஸ்டு முதல் கிடையாது. அப்புறம் இது என்ன என்று கேட்டால் நம்பர் பிளேட், ஏஜெண்ட், பைல், ஹேண்ட்லிங் என்று நாலைந்து பெயர் சொன்னார்கள். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கப் பாதி கரைந்தது.

இன்சூரன்ஸில், தர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு மட்டும் எலக்ட்ரிக் காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கு அதைச் சேர்த்தே கட்ட வேண்டும். ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான) பகுதியை வெளியே நாலு கம்பெனியில் விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள்.

தாளில் கடைசியாக இருப்பது டிசிஎஸ், அதாவது விற்கிறவர் நம்மிடம் பிடித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி. காரின் விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் பிடிப்பார்கள். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது உங்கள் பணம்தான். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் 26ஏஎஸ் என்ற உங்கள் வரிக் கணக்குத் தாளில் ஏறிவிடும், ரிட்டர்ன் போடும்போது வரியில் கழியும், மிச்சம் இருந்தால் திரும்ப வரும். நிறையப் பேர் ரிட்டர்ன் போடாமலே இதை விட்டுவிடுகிறார்கள்.

கடை, மில், கிளினிக் என்று தொழில் பெயரில் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: தொழில் வருமானத்தில் கழிக்கும் தேய்மானம் சாதாரண காருக்கு 15 சதவீதம், எலக்ட்ரிக் வண்டிக்கு 40. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த வருஷம் பாதிதான். ஜிஎஸ்டி இன்புட் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தொழிலின் ஜிஎஸ்டியில் கழிப்பது) பொதுவாகக் காருக்குக் கிடைக்காது. மீதியை உங்கள் ஆடிட்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

3. உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள், அப்புறம் காரைத் தேர்ந்தெடுங்கள்

இதை எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஒரு வாரம் ஓடும் கிலோமீட்டரை எழுதுங்கள். அத்தான் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வருகிறவர், போக வர நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டர், மாதம் ஆயிரத்தை ஒட்டி வரும். அதுபோக மாதம் ஒரு தடவை திருச்செந்தூர், எப்போதாவது நாகர்கோவில்.

கம்பெனி சொல்லும் ரேஞ்சில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். டாடா டியாகோ இவி 2022-இல் வந்தபோது 24 கிலோவாட்அவர் (ஈபி கணக்கில் 24 யூனிட்) பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்றார்கள். நாலு பேர் ஏறி, ஏசி போட்டு, சித்திரை வெயிலில் ஓட்டினால் இருநூறு என்று வைத்துக்கொள்வது நிம்மதி. நம் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: ஆனி, ஆடியில் நாங்குநேரி தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது எதிர்க்காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும். காற்றாலை சுற்றுவதைப் பார்க்க அழகுதான், பேட்டரி சதவீதத்தைப் பார்த்தால் அழகு இருக்காது. நாகர்கோவில் போய்த் திரும்ப 160 கிலோமீட்டர் என்றால் அந்த மாதங்களில் நிறைய மிச்சம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள், வேகத்தை எண்பதுக்குள் வையுங்கள்.

மலிவு என்று தேடினால் முதலில் வருவது இரண்டு பேர். எம்ஜி காமெட், 17.3 கிலோவாட்அவர், நாலு பேர் உட்காரும் குட்டிக் கார். டவுன் ரதவீதிகளில் புகுந்து வர இதற்கு இணை இல்லை, ஆனால் வழியில் சீக்கிரம் ஏற்றிக்கொள்ளும் டிசி ஃபாஸ்ட் சார்ஜிங் கிடையாது, அதனால் மதுரைக்கு இதில் போகிறேன் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று டியாகோ. இதில் 19.2, 24 என்று இரண்டு பேட்டரி, பைபாஸில் சார்ஜ் போடவும் வழி உண்டு. அத்தான் ஓட்டத்துக்கு 24 போதும் என்று முடிவாயிற்று. தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டில் வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்டின் எலக்ட்ரிக் கார் ஆலை திறந்ததால் "நம்ம ஊரு வண்டி மலிவா கிடைக்குமா" என்று அத்தான் ஆசைப்பட்டார். அவர்களுடைய விஎஃப்6 காரின் அறிமுக விலையே பதினாறு லட்சத்தைத் தாண்டியது, பக்கத்து ஊரில் செய்தால் விலை குறையும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டமும் காட்டுவார்கள். காமெட்டை அப்படி 4.99 லட்சத்துக்கு அறிவித்தார்கள், கிலோமீட்டருக்கு 2.50 தனி. ஆயிரம் கிலோமீட்டருக்கு 2,500 ரூபாய், கரண்ட் பில் அதுபோக. மாதம் குறைந்தபட்சம் இவ்வளவு ஓட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கேளுங்கள். என் கணக்கில் இது குறைவாக ஓட்டுகிறவருக்கும் லாபமில்லை, நிறைய ஓட்டுகிறவருக்கும் லாபமில்லை, கையில் முன்பணம் இல்லாதவருக்கு மட்டும் ஒரு வழி.

4. வீட்டில் சார்ஜ் போடும் இடத்தைப் பாருங்கள், புக் பண்ணுவதற்கு முன்

பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருந்தால் போதும், மூன்று கிலோவாட்டை ஒட்டி இழுக்கும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் நிறைந்திருக்கும். சொல்வது சுலபம். அத்தான் வீட்டில் நண்பர் ஒருவரின் காரைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தோம், சார்ஜரில் பச்சை வரவில்லை, சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. கரண்ட் இருக்கிறது, மிக்ஸி ஓடுகிறது, சார்ஜர் மட்டும் மாட்டேன் என்கிறது. எலக்ட்ரீசியன் வந்து நேராக வீட்டுக்குப் பின்னால் போய் எர்த் குழியைப் பார்த்தார். வாழை மரத்தை வெட்டிய பிறகு அங்கே யாரும் தண்ணீரே விட்டதில்லை, மண் பாறை மாதிரி காய்ந்து கிடந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் கழித்துப் போட்டால் பச்சை எரிந்தது. அப்புறம் உப்பும் கரியும் போட்டுப் புதுக் குழியே எடுத்தோம். எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜர் வேலை செய்யாது, செய்யவும் கூடாது. அந்த பிளக்குக்குத் தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), தடித்த ஒயர் போடுங்கள். வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு குறைவாக இருந்தால் ஈபி ஆபீஸில் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. ஈபி பில்லில் ஐந்நூறு என்ற கோடு

இதை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு மானிய விலை. ஐந்நூறைத் தாண்டினால் முதல் நூறு இலவசம் அப்படியே இருக்கும், அடுத்த நூறின் மானியம் போய்விடும், மேலே போகிற யூனிட் எட்டரை ரூபாயை ஒட்டி ஏறும்.

அத்தான் வீட்டில் ஏற்கெனவே முந்நூறு யூனிட், பில் எழுநூறு சொச்சம். கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று கஞ்சத்தனமாகவே வைப்போம், சார்ஜ் போடும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடுகிறது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு 285 யூனிட். மொத்தம் 585, பில் சுமார் 2,750. ஆக கார் தின்றது இரண்டாயிரத்து ஐம்பது, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். அவருடைய பழைய பெட்ரோல் கார் லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தது, அதே தூரத்துக்கு 133 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 13,300. இந்த இடத்தில் அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "அப்ப மாசம் ஐயாயிரம் மிச்சமாகுமா?" என்று கேட்டாள். ஆகும். ஆனால் ராத்திரி இரண்டு ஏசியும் ஓடும் வீடாக இருந்தால் கார் யூனிட் எல்லாமே மேல் அடுக்கில்தான் விழும், அந்த மிச்சம் கொஞ்சம் இளைக்கும். உங்கள் பழைய ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள்.

6. வண்டி எடுக்கும் நாளில்

சொந்த வண்டிக்குப் பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து. மஞ்சள் எழுத்து இருந்தால் அது வாடகை வண்டிப் பதிவு, உடனே நிறுத்துங்கள். பேட்டரி வாரண்டித் தாளைக் கையில் வாங்குங்கள், டியாகோவுக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். மத்திய அரசின் வண்டிப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு எரிபொருள் இடத்தில் எலக்ட்ரிக் என்றுதான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேல் போயிருந்தால் டிசிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்கி ஆடிட்டர் பைலில் சொருகுங்கள்.

அத்தானுக்கு டிஎன் 72 பச்சை பிளேட் வந்துவிட்டது. இப்போது எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அக்காவின் வேலை, துளசி மாடத்துக்கு ஊற்றும்போதே அங்கேயும் ஒரு செம்பு.