கிளவுடுக்கு மாறும்போது சர்வர் எந்த ஊரில் என்று கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடைக் கணக்கு, கிடங்கு இருப்பு எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினிக்கு, மாற்றும் நம் ஆட்களுக்கு ஒரு குறிப்பு. விலை பேசுவதற்கு முன்னால், நம் தரவை வைத்திருக்கும் அந்தக் கணினி, அதாவது சர்வர், எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். 2024 மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் நான்கு கேபிள்கள் ஒரே நாளில் பழுதாகி, இங்கேயும் இணையம் தடுமாறியது நினைவிருக்கும். தரவு உள்நாட்டிலேயே இருந்தால் அந்த அடி வெகுவாகக் குறையும். தூரம் குறைவதால் பில் போடும் வேகமும் கூடும்.

மைக்ரோசாப்ட் 2019 முதல் ஜோகன்னஸ்பர்க்கிலும், அமேசான் 2020 முதல் கேப் டவுனிலும் கிளவுட் சேவை தருகின்றன. ஆனால் அமேசானில் கேப் டவுன் தானாக வராது, நம் அமேசான் கணக்கின் செட்டிங்ஸுக்குள் போய் நாமே இயக்க வேண்டும். இதை மறந்தால் தரவு வேறு கண்டத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

அப்புறம், ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்க, ரவுட்டரில் பைபர் (ஒளியிழை) இணைப்போடு ஒரு சிம் இணைப்பும் வையுங்கள். கடை மூடியபின் ரவுட்டருக்கு வரும் நெட்வொர்க் வயரைக் கழற்றிவிட்டு சிம் வழியாக வேலை நடக்கிறதா என்று ஒரு பில் போட்டுப் பாருங்கள். பைபர் இழையை மட்டும் தொடாதீர்கள், எளிதில் முறியும்.