ரோபோ கையில் ஸ்பிண்டில் மாட்டுவது எப்படி: ஒரு தஞ்சாவூர்ப் பட்டறைக் குறிப்பு

வீணைக்குப் பலாக்கட்டையை முரட்டுத்தனமாகக் குடையும் வேலையை மட்டும் மெஷினிடம் தள்ளிவிடலாமே என்றுதான் பழைய ஆறு அச்சு ரோபோ கை ஒன்றை வாங்கிப் போட்டோம். நுணுக்கமெல்லாம் ஆசாரி கையில்தான். வந்த அன்றே ஸ்பிண்டிலை (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் மோட்டார்) மாட்டி ஓட்டிவிடத் துடிப்பீர்கள், வேண்டாம்.

முதலில் தராசு. ஸ்பிண்டில், கிளாம்ப், அலுமினியத் தகடு, கட்டர், தொங்குகிற கேபிள், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் சேர்த்து நிறுங்கள். 10 கிலோ தூக்கும் என்று போட்டிருந்தால் அது மணிக்கட்டை ஒட்டிய எடைக்குத்தான். தள்ளித் தொங்கத் தொங்கக் குறையும். குடத்தை இடுப்பில் வைப்பதும் கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றா? எடையையும் அதன் மையத்தையும் கன்ட்ரோலரில் சரியாகக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஃபிளாஞ்ச், அதாவது கையின் நுனியில் கருவியை மாட்டும் தட்டு. ஐஎஸ்ஓ 9409-1 என்ற சர்வதேச அளவுப்படி, சின்னக் கைகள் பலவற்றில் 50 மிமீ வட்டத்தில் நான்கு எம்6 துளைகளும் 6 மிமீ பின்னுக்கு (சிறு முளை) ஒரு துளையும் இருக்கும். பின்னை விட்டுவிடாதீர்கள், போல்ட் இறுக்கத்தான் செய்யும், இடத்தைப் பிடித்து நிறுத்துவது பின்தான். நான் ஒருமுறை துடைக்காமல் மாட்டினேன், நகக்கண் அளவு மரத்தூள் நடுவில் மாட்டிக்கொண்டு கட்டர் சாய்ந்து நிற்க, அரை நாள் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன். போல்ட்டை எதிரெதிராக இறுக்குங்கள், நீளம் அதிகமானால் துளையின் அடியில் முட்டும்.

காலெட்டை (கட்டரைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்தி, 'டக்' என்று உட்கார வைத்த பிறகுதான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும், பலர் மாற்றிச் செய்துவிட்டு ஆட்டம் வருகிறதே என்கிறார்கள். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள், 0.02 மிமீக்கு மேல் முள் ஆடினால் கழற்றித் துடைத்து மறுபடி.

இனி கரண்ட். நிமிடத்துக்கு 24,000 சுற்று ஸ்பிண்டில் என்றால் டிரைவில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 400 ஹெர்ட்ஸ் என்று அமைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு முழு வோல்ட்டேஜ் போகும்படி விட்டுவிட்டால் மோட்டார் புகைந்துவிடும்.

அப்புறம் கட்டர் நுனி எங்கே என்று ரோபோ கைக்குச் சொல்ல வேண்டும். மேசையில் ஒரு கூர் ஊசியை நிறுத்தி, நான்கு வெவ்வேறு சாய்வுகளில் நுனியால் தொட்டுப் பதியுங்கள். பிறகு நுனியை ஊசியிலேயே வைத்துக்கொண்டு கையை மட்டும் சாய்த்துப் பாருங்கள். விலகினால் திரும்பவும் முதலிலிருந்து.

முதல் ஓட்டம் தெர்மோகோலில். சிஎன்சி மெஷின் (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) அளவுக்கு ரோபோ கை விறைப்பாக நிற்காது, அதனால் மரத்தில் ஆழம் குறைவாகவே போங்கள். நடுவில் கரண்ட் போய் வந்தால் பதறி, கையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் ஹோம் பட்டனை அமுக்காதீர்கள். கட்டர் கட்டைக்குள்தான் இருக்கும், போன வழியிலேயே டீச் பென்டன்ட்டில் (கையை நகர்த்தும் கைப்பலகை) மெதுவாகப் பின்னால் எடுங்கள்.