போர்ட்டபிள் ஏர்கான் குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குளிர் வரலை, கேஸ் போயிருச்சு போல." வாடகை அறையில் போர்ட்டபிள் ஏர்கான் வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் இது தவறான முடிவு. கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. தயாரிக்கும் இடத்திலேயே நிரப்பி அடைத்த குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் ஏற்றும் கேஸும் வெளியேறிவிடும், காசுதான் வீண். பல மாடல்களில் கேஸ் ஏற்ற வால்வே கிடையாது. சிலவற்றில் இருப்பது ஆர்290, அதாவது தீப்பற்றக்கூடிய புரோப்பேன். பயிற்சி இல்லாதவரிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

முதலில் பின்னாலிருக்கும் தடித்த குழாயைப் பாருங்கள். ஒற்றைக் குழாய் ஏர்கான் அறைக்காற்றையே இழுத்து, சூடாக்கி, வெளியே தள்ளுகிறது. போன அளவுக்குக் காற்று கதவிடுக்கு, சன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தே தீரும். சிங்கப்பூரில் பகலில் அப்படி வருவது 31, 32 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று. ஆகவே, சன்னலைத் திறந்துவிட்டுக் குழாயை அப்படியே நீட்டி வைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு; எவ்வளவு நேரம் ஓடினாலும் அறை குளிராது. சன்னல் இடைவெளியை அடைக்கப் பெட்டியோடு வரும் பலகை பெரும்பாலும் தள்ளு சன்னலுக்கானது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அறைகள் பலவற்றில் வெளிப்பக்கம் திறக்கும் சன்னல்கள்தான். அவற்றுக்கு ஜிப் வைத்த துணி மறைப்பு விற்கிறது. நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். அட்டையையோ பலகையையோ சும்மா சொருகாதீர்கள். மாடியிலிருந்து விழுந்தால் கீழே நடந்துபோகும் ஒருவரின் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு குழாயைச் சேர்த்து நீளமாக்குவதும் தவறு. காற்று வெளியேறத் திணறும், சூடான குழாயே அறையைச் சூடேற்றும். குழாயைத் தாழ்வாரத்துக்கு விட்டால் அனல் அண்டை வீட்டாருக்குப் போகும்.

அடுத்தது ஃபில்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். தூசி அடைத்தால் காயிலில், அதாவது கேஸ் ஓடும் உலோகச் சுருளில், பனி பிடிக்கும். குளிரூட்டலை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் தானாக உருகும். கத்தியால் சுரண்டிக் காயிலில் ஓட்டை விழுந்தால், கேஸ் உண்மையாகவே போய்விடும்.

திடீரென நின்று பி1, எஃப்எல் போன்ற எழுத்து தெரிந்தால், பல பிராண்டுகளில் தண்ணீர்த் தட்டு நிறைந்துவிட்டது என்று பொருள். பல மாடல்கள் அந்தத் தண்ணீரைச் சூடான காயிலில் தெளித்து ஆவியாக்கிவிடும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது போதாமல் போகலாம். அடிமூடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வடித்த பிறகும் அதே எழுத்து நின்றால், தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவையில் பாசி ஒட்டியிருக்கலாம். வடிகுழாய் வைப்பதானால் அது வழி நெடுகக் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். அடியில் வைக்கும் வாளியைத் தினமும் கொட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரமே போதும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் பார்த்தால் அபராதமும் உண்டு.

அணைத்த உடனே மறுபடி போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். கம்ப்ரெஸர் மீண்டும் கிளம்ப ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுப்பது அதன் பாதுகாப்புக்காகத்தான். வீடு மாறும்போது படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திவைத்து, பல மணி நேரம் கழித்துப் போடுங்கள். கேஸ் குழாய்க்குள் போன எண்ணெய் கம்ப்ரெஸருக்குத் திரும்ப அவ்வளவு நேரம் வேண்டும்.

மின்சாரத்தில் மட்டும் சோதனை முயற்சி வேண்டவே வேண்டாம். ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் பெட்டியை, ரைஸ் குக்கரும் மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷனில் சொருகாதீர்கள். சுவர் பிளக்கில் நேரடியாக மாட்டுங்கள். பிளக் சூடேறினாலோ பழுப்பேறினாலோ உடனே நிறுத்துங்கள். ஏர்கானைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுந்தால், மின்கசிவு இருக்கிறது என்று அது எச்சரிக்கிறது. திரும்பத் திரும்ப மேலே தள்ளாமல் ஏர்கானைக் கழற்றிவிடுங்கள். 1985 ஜூலைக்கு முந்தைய வீடுகள் சிலவற்றில் அந்தக் கருவி இல்லாமலும் இருக்கலாம். 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயம். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். ஏர்கான் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் கூடாது: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.