பழத்தில் கரும்புள்ளி, காரணம் இலையில்

பறிக்கும்போது மாங்காயில் ஒரு கீறல்கூட இருக்காது. பழுக்க வைத்த நாலைந்தாம் நாள் பார்த்தால் தோலில் கருப்புப் புள்ளிகள், அமுங்கிய குழிகள். மூன்று வருடமாக வைக்கோலையும் கூடையையும்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். வீண் வேலை.

ஒரு மழைநாளில், பழுப்புப் புள்ளி விழுந்த இலையொன்றை ஈரக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் மூடி வைத்தேன். சில நாளில் புள்ளிகளின் மேல் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பான பொட்டுகள். அவை கொலட்டோடிரைக்கம் பூஞ்சையின் வித்துகள். மழைத்துளி தெறிக்கும்போது இவைதான் பூவிலும் பிஞ்சிலும் போய் ஒட்டுகின்றன. பிஞ்சின் தோலுக்குள் நுழைந்ததும் பூஞ்சை அப்படியே உறங்கிவிடும். காயில் இருக்கும் இயற்கையான எதிர்ப்புப் பொருள், பழுக்கப் பழுக்கக் குறையும். அப்போதுதான் பூஞ்சை விழிக்கும். அதாவது, நான் குறை சொன்ன கூடைக்கு இதில் பங்கே இல்லை.

அப்புறம் வேலையை மரத்தில் ஆரம்பித்தேன். காய்ந்த குச்சிகளை வெட்டினேன், உதிர்ந்த இலைகளை அள்ளி அப்புறப்படுத்தினேன், நடுவில் காற்றும் வெயிலும் புகுமாறு கிளைகளைக் கழித்தேன். பூக்கும் பருவத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தெளிப்பு. பறித்த காய்களை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம் முக்கினேன். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

இலைக்குள் வாழும் பூஞ்சைகள் எல்லாமே கெட்டவையும் அல்ல, சில நோயைத் தடுக்கவும் செய்யும். அதனால் தெளிப்பைப் பூக்காலத்தோடு நிறுத்திக்கொண்டேன். இந்த முறை கூடையில் புள்ளி விழுந்தவை இரண்டோ மூன்றோதான்.